பதினேழு பச்சை: சொசைட்டி எழுத்தர் ஒருவர் ஊரறிந்த ஆளானதும் அதற்குப் பிறகு நடந்ததும்

## பின்னணி

சங்கம் இருப்பது திருநெல்வேலி மாவட்டத்தில், கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில். பலகையில் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் என்று நீளமாக எழுதியிருந்தாலும் ஊரில் அதற்குப் பெயர் சொசைட்டிதான். நான் அங்கே செயலாளராக இருந்தபோது நடந்தது இது. ஊர், ஆள் எதற்கும் பெயர் சொல்லவில்லை. அந்தப் பக்கத்துக்காரர்கள் சிலருக்கு யாரென்று புரியலாம். புரிந்தாலும் தங்களோடு வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

பயிர்க்கடன், உரம், ரேஷன் கடை எல்லாம் எங்களிடம் உண்டு. ஆனால் கூட்டம் என்று கூடுவது நகைக்கடனுக்குத்தான். அதற்கு ஒரு பருவம் இருக்கிறது. பாபநாசம் அணையில் தண்ணீர் இருந்து ஜூன் தொடக்கத்தில் திறந்துவிட்டால் கார் பருவ நெல் நடவு. நடவுக்கூலி, உரம், அதோடு பள்ளிக்கூடத் திறப்பும் சேர்ந்துகொள்ளும். அந்த மாதம் நகை உள்ளே வரும். புரட்டாசி, ஐப்பசியில் பிசானம் என்கிற அடுத்த நெல் பருவத்துக்கு மறுபடி வரும். மாசி, பங்குனியில் அறுப்பு முடிந்து நெல் பணம் கைக்கு வந்ததும் திருப்புவார்கள். இடையில் கல்யாணம், கோயில் கொடைத் திருவிழா, ஆஸ்பத்திரி. ஒரே சங்கிலி வருஷத்துக்கு இரண்டு தடவை எங்கள் பெட்டகத்துக்கு வந்து போவதும் உண்டு. பொட்டலத்தைப் பிரிக்கும் முன்பே மதிப்பீட்டாளர், "இது வடக்குத் தெரு ஆரம்லா" என்பார்.

வருகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்களில் பலர் பீடி சுற்றுகிறவர்கள். நகை வைக்க வருவதை ரகசியம் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் நகையை மடியில் முடிந்து, முந்தானையைப் போர்த்திக்கொண்டு, கையில் ஒரு ரேஷன் பையையும் தொங்கவிட்டு வருவதைப் பார்த்தாலே தெரியும். ரேஷன் கடை அதே வளாகத்தில் இருப்பது பலருக்கு வசதி. வழியில் யாராவது எங்கே என்று கேட்டால் "சீனி வாங்க" என்று சொல்லிவிடலாம்.

2021 செப்டம்பரில் 5 பவுன் வரையிலான கூட்டுறவு நகைக்கடன் தள்ளுபடி என்று சட்டமன்றத்தில் அறிவிப்பு வந்தது. அந்த வருஷம் மார்ச் 31 அன்று நிலுவையில் இருந்த கடன்தான் கணக்கு, ஒரு குடும்பத்துக்கு 40 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று நிபந்தனைகளும் பின்னால் வந்தன. தன் நகை உண்டா இல்லையா என்று கேட்க வந்த கூட்டத்தில் ஹாலில் கால் வைக்க இடமில்லை. வரிசை என்பதே இல்லை, தள்ளுமுள்ளுதான். அப்போதுதான் டோக்கன் கொண்டுவந்தோம். பிளாஸ்டிக் வில்லை, அதில் நம்பர். நகை வைக்கச் சிவப்பு, திருப்பப் பச்சை. கூப்பிடுவதற்கு ஒரு குரல் வேண்டும். எங்களில் சத்தமான குரல் எழுத்தருக்குத்தான் இருந்தது.

## அந்தக் குரல்

அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. பேரேட்டில் முத்து முத்தாக எழுதுவார். அதைத் தவிர அவரைப் பற்றி யாரும் தனியாகச் சொல்ல ஒன்றும் இல்லை. டிபன் பாக்ஸ், சைக்கிள், சனிக்கிழமை அரை நாள் லீவு. என்னைவிட மூத்தவர் என்பதால் நான் அண்ணாச்சி என்பேன், அவர் என்னை சார் என்பார்.

அவருடைய அப்பா வில்லுப்பாட்டுக் குழுவில் குடம் அடித்தவர் என்பது பின்னால்தான் எனக்குத் தெரிந்தது. சுடலைமாடன் கொடைகளுக்குச் சின்ன வயதில் அப்பாவோடு போய், விடிய விடிய மேடைக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்டவர். வில்லுப்பாட்டில் முன்னால் இருப்பவர் ஒரு வரி சொன்னால் பக்கத்தில் இருப்பவர் "ஆமா" போடுவார். அந்த "ஆமா" இல்லாமல் கதை நகராது. இவர் டோக்கன் கூப்பிடும்போது அந்த இடைவெளி தானாக வந்தது. இரண்டாவது வாரமே ஹால் "ஆமா" போட ஆரம்பித்துவிட்டது.

"பதினேழு பச்சை!"

"ஆமா!"

"நாலு மாசமா எங்க இரும்புப் பெட்டியில உறங்கின தங்கம்…"

"ஆமா!"

"இன்னைக்கு வீட்டுக்குப் போவுது. வழி விடுங்கவே, மகராசி வாராக!"

அந்த ஆச்சி வெட்கப்பட்டுக்கொண்டே எழுந்து வருவாள். நகையைத் திருப்புகிறவளுக்கு அது ஒரு சின்ன ஊர்வலம் மாதிரி. சிவப்புக்கு வேறு மாதிரி: "இருபது சிவப்பு! ரெண்டு பவுன் சங்கிலி உறங்க வருது. சத்தம் போடாதிய, தாலாட்டுப் பாடுங்க." அதற்கும் சிரிப்புதான்.

இரண்டு பவுன் என்பது அவர் வாய்க்கு எப்படி வந்தது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும், பின்னால் நடந்ததெல்லாம் இதில்தான் தொங்குகிறது. மதிப்பீட்டாளர் மேஜை ஹாலின் ஒரு மூலையில், எழுத்தர் மேஜை எதிர் மூலையில். நகையை உரைத்து, நிறுத்து, கல்லுக்கும் அழுக்குக்கும் கழித்து, "நிகரம் பதினாறு கிராம், ரெண்டு பவுன்" என்று மதிப்பீட்டாளர் அங்கிருந்தே குரல் கொடுப்பார். எழுத்தர் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு விண்ணப்பத்தில் எழுதுவார். தப்பாகக் காதில் விழுந்துவிடக் கூடாது என்பதற்காகத் திருப்பிச் சொல்வது. எனக்கு முன்னால் இருந்த செயலாளர் காலத்திலிருந்தே இப்படித்தான். கையெழுத்துக்கும் பணத்துக்கும் இரண்டாவது முறை நம்பரைக் கூப்பிடும்போது எடை அவர் நாக்கில் இருக்கும். பாட்டில் சேர்ந்துவிட்டது.

வேலை நன்றாகத்தான் நடந்தது. முந்தி வந்தது யார் என்ற சண்டை நின்றுபோனது. இரண்டு மணி நேரம் காத்திருந்தவர்கள் முகம் சுளிக்கவில்லை. ஹாலில் கரண்ட் போனால்கூட அவர் அதை ஒரு பாட்டாக்கிவிடுவார்.

## வீடியோ

தள்ளுபடிக் கூட்டமெல்லாம் ஓய்ந்த பிறகு வந்த ஒரு கார் பருவம். ஆச்சியோடு நகை திருப்ப வந்த ஒரு கல்லூரி மாணவன் "பதினேழு பச்சை"யை ஒரு நிமிடத்துக்கும் குறைவாக எடுத்திருக்கிறான். சாயங்காலம் ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் வந்துவிட்டது. மூன்றாம் நாள் யாரோ குடமும் உடுக்கையும் பின்னணியில் சேர்த்துவிட்டார்கள். அப்புறம் அது துபாய், மும்பை, திருப்பூர் என்று எங்கெல்லாம் நம் பக்கத்து ஆட்கள் இருக்கிறார்களோ அங்கெல்லாம் போய்விட்டது. சென்னையில் இருக்கும் என் மச்சினன் அனுப்பித்தான் எனக்கே தெரிந்தது. படம் எடுத்தபோது நான் பத்தடி தள்ளி உட்கார்ந்திருந்தேன்.

எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று எனக்குப் புரிந்தது ஒரு காலையில். எழுத்தர் வேர்த்து வந்து உட்கார்ந்தார். பஸ்ஸில் வந்தாராம். கண்டக்டர் சில்லறை பாக்கியைக் கொடுக்கும்போது, "பதினேழு பச்சை! மூணு ரூவா வீட்டுக்குப் போவுது!" என்றாராம். பஸ் முழுக்க "ஆமா" போட்டதாம். சொல்லிவிட்டு அவர் சிரித்தார். அவரை அந்த மாதிரிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

## முதல் முடிவு: ஒன்றும் செய்யாமல் இருந்தது

அதை முடிவு என்று சொல்லக் கூசுகிறது, ஆனாலும் முடிவுதான். அந்த வீடியோவை நானே எங்கள் பணியாளர் குழுவில் போட்டேன். சங்கத்துக்கு நல்ல பெயர், புதிதாகச் சிலர் உறுப்பினராகச் சேர வருகிறார்கள், எழுத்தர் சந்தோஷமாக இருக்கிறார், யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தேன்.

இரண்டு வாரத்தில் வேலையே இல்லாத ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். டோக்கன் வாங்கிக்கொண்டு உட்காருவார்கள். நம்பரைக் கூப்பிடும்போது செல்போனைத் தூக்குவார்கள். கூப்பிட்டு முடிந்ததும் வில்லையை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி, மறுவீட்டுக்கு வந்த இடத்தில் மாலையோடு வந்து பச்சை டோக்கன் கேட்டது. உண்மையாகவே நகை வைக்க வந்த பெண்கள் அவர்களுக்குப் பின்னால் காத்திருந்தார்கள்.

"உள்ளே வீடியோ எடுக்கக் கூடாது" என்று தாளில் எழுதி ஒட்டினேன். ஜன்னலுக்கு வெளியே நின்று எடுத்தார்கள். ஒட்டிய தாளையும் சேர்த்து எடுத்தார்கள்.

## வெளி அழைப்புகள்

ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழா. வண்ணார்பேட்டையில் ஒரு செல்போன் கடைத் திறப்பு. ஒரு பண்பலைப் பேட்டி. குலசேகரன்பட்டினம் கோயில் தசராவுக்கு மாலை போட்டு வேஷம் கட்டும் ஒரு குழுவிலிருந்தும் அறிவிப்புச் செய்யக் கூப்பிட்டார்கள். பணம் தருவதாகவும் சொன்னார்கள். அவர் ஒவ்வொன்றையும் என்னிடம் வந்து கேட்டுவிட்டுத்தான் போனார். அதை மறக்காமல் பதிவு செய்ய வேண்டும்.

நான் வைத்த நிபந்தனை மூன்று: ஞாயிற்றுக்கிழமை மட்டும், பணம் வாங்கக் கூடாது, சங்கத்தின் பெயரைச் சொல்லக் கூடாது. நாளைக்கு ஒரு கடைக்காரர் கடன் கேட்டு வந்தால், அவர் கடையை நம் எழுத்தர் திறந்துவைத்தார் என்ற பேச்சு வந்துவிடும் என்ற பயம்தான் காரணம். மூன்றாவது நிபந்தனையைக் கேட்டதும் அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "சங்கத்துப் பேரச் சொல்லலைன்னா நான் யாரு சார்?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

நிபந்தனை பாதிதான் நின்றது. செல்போன் கடைக்காரர் அவரைக் கேட்காமலேயே படத்தைப் போட்டு, கீழே "17 பச்சை" என்று எழுதி பிளக்ஸ் வைத்துவிட்டார். மேலலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. பணம் வாங்கவில்லை, விடுமுறை நாள், அனுமதி கேட்டுத்தான் போனார் என்று பதில் எழுதினேன். அதோடு முடிந்தது.

உண்மையில் கவனிக்க வேண்டியது வேறொன்று. அவர் மேஜையில் ஒரு பழைய டைரி முளைத்திருந்தது. ராத்திரி உட்கார்ந்து மறுநாளைக்கான வரிகளை எழுதி வருகிறார். ஒரு நாள் ரசீதுப் புத்தகம் தேடும்போது அதைப் பார்த்தேன். "மேலத்தெரு ஆச்சி – பேத்திக்குக் காதுகுத்து – தோடு." "பால்காரர் – மறுபடியும் அதே மோதிரம்." இப்படிப் பக்கம் பக்கமாக. முன்பு வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தவருக்கு இப்போது தினமும் புதிதாக ஏதாவது வேண்டியிருந்தது. அதற்குச் சரக்கு எங்கே இருக்கிறது? எதிரில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது. இரண்டு வரியில் முடிந்த கூப்பாடு ஒரு நிமிடம் நீண்டது. டைரியை மூடி இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. இந்த விஷயத்தில் என் பெரிய தவறு எது என்று கேட்டால் அந்த நிமிடத்தைத்தான் சொல்வேன்.

## நாலு பவுன்

புரட்டாசியில் பிசானக் கூட்டம் தொடங்கியிருந்தது. பக்கத்துக் கிராமத்திலிருந்து பீடி சுற்றும் ஒரு அம்மாள், வயது ஐம்பது இருக்கும், நாலு பவுன் ஆரம் ஒன்றைக் கொண்டுவந்தார். மருமகளுடைய ஆரம். குத்தகை நிலத்துக்கு நடவுச் செலவு. மருமகளே கழற்றிக் கொடுத்தது. விண்ணப்பத்தில் நகை தன்னுடையது என்று அந்த அம்மாள் கையெழுத்துப் போட்டார். மாமியார் நகையும் மருமகள் நகையும் இப்படித்தான் வந்து போகும். எங்களுக்கும் தெரியும், கேட்பதில்லை.

"இருபத்திரெண்டு சிவப்பு!"

"ஆமா!"

"நாலு பவுன் ஆரம், புது மெருகு இன்னும் போகல…"

"ஆமா!"

"கல்யாணக் களைப்பு தீர உறங்க வருது. தாலாட்டுப் பாடுங்கவே!"

அவருக்குக் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. ஆரம் புதிதாக இருந்தது, வரி கிடைத்தது, பாடினார். ஜன்னலுக்கு வெளியே யாரோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். அம்மாள் எழுந்து நடந்து வரும்போது முகம் நேராகத் தெரிந்தது.

சம்பந்தி வீட்டார் மும்பையில் இட்லிக் கடை வைத்திருப்பவர்கள். அவர்கள் செல்போனுக்கு அது போய்ச் சேர இரண்டு நாள் ஆகவில்லை. பெண்ணின் அப்பா ரயில் ஏறி வந்துவிட்டார். "எம் மவ கழுத்துல போட்டு அனுப்புனத ஊரு கூடித் தாலாட்டுப் பாடி உறங்க வைக்குதோ?" என்று தெருவில் நின்று கேட்டாராம். நான்தான் கொடுத்தேன் என்று மருமகள் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. அவரும் ஒரு வகையில் சரிதான். மகள் கொடுத்திருந்தால்கூட அதை உலகம் பார்த்தாகிவிட்டது. பெண்ணைக் கூட்டிக்கொண்டு அவளுடைய சித்தி வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் அந்த அம்மாள் வந்தார். சத்தம் போடவில்லை. ஹாலில் எல்லாரும் போகட்டும் என்று மதியம் வரை ரேஷன் கடைத் திண்ணையில் உட்கார்ந்திருந்திருக்கிறார். உள்ளே வந்து என் மேஜைக்கு எதிரில் நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. விரல் நுனியில் பீடி நூலின் சிவப்புத் துணுக்கு ஒட்டியிருந்தது. அதைக் கிள்ளிக்கொண்டே கேட்டார்:

"நாலு பவுன்னு கத்தணுமா சார்? நம்பரு போதாதா?"

அவ்வளவுதான் கேட்டார். எழுத்தரை வேலையை விட்டுத் தூக்கச் சொல்லவில்லை, நஷ்டஈடு கேட்கவில்லை. எழுதிக் கொடுங்கள் என்றேன். தலையை ஆட்டிவிட்டார். எழுதினால் நகை யாருடையது என்ற கேள்வி வரும், அது அவர் மேலேயே திரும்பும். அது எனக்கும் அவருக்கும் தெரிந்திருந்தது.

எதிர்ச் சுவர் ஓரமாக எழுத்தர் நின்றுகொண்டிருந்தார். அவரை அந்த அம்மாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

## தவறு எங்கே இருந்தது

அன்று சாயங்காலம் முதலில் எனக்குத் தோன்றியது வீடியோ எடுத்தவன் மேல் கோபம். பிறகு எழுத்தர் மேல். அதற்கும் பிறகுதான் யோசித்தேன். கணவர் வந்து, "எம் பொண்டாட்டி என்ன வச்சிருக்கா?" என்று கேட்டால்கூட உறுப்பினர் வராமல் சொல்ல மாட்டோம் என்று திருப்பி அனுப்புகிறவர்கள் நாங்கள். அதே விவரத்தை முப்பது பேர் இருக்கும் ஹாலில் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குக் கத்திக்கொண்டிருந்தோம். ரிசர்வ் வங்கி அப்போது வைத்திருந்த வரம்பு தங்க மதிப்பில் 75 சதவீதம் வரை கடன். எங்கள் கிராம் விலையும் பலகையிலேயே எழுதியிருக்கும். எத்தனை பவுன் என்று தெரிந்தால், அந்தப் பெண் முந்தானையில் எவ்வளவு பணத்தோடு பஸ் ஏறுகிறாள் என்பதைப் பெஞ்சில் இருக்கிற யாரும் கணக்குப் போட்டுவிடலாம். வீடியோவுக்கு முன்பே அப்படித்தான் இருந்தது. ஹாலில் இருந்தவர்கள் எல்லாரும் தெரிந்த முகம் என்பதால் அது எங்கள் கண்ணில் படவில்லை.

## எடுத்த நடவடிக்கைகள்

மறுநாள் காலையில் டோக்கன் கூப்பிடும் வேலையிலிருந்து அவரை எடுத்துவிட்டேன். முடிவு சரி, சொன்ன விதம் தப்பு. நாலு பேர் முன்னால், "இனி நீங்க உள்ளே பேரேட்டைப் பாருங்க" என்று சொன்னேன். அவர் டைரியை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு உள்ளே போனார். மறுநாளிலிருந்து ஒன்பது நாள் விடுப்பு.

அந்த ஒன்பது நாளில் ஹால் பழையபடி சந்தையாகிவிட்டது. இளைய பணியாளர் கூப்பிட்ட குரல் மின்விசிறிச் சத்தத்தைத் தாண்டவில்லை. காது மந்தமான ஒரு தாத்தாவின் நம்பர் பதினொன்றரைக்கே போய்விட்டது. ஒன்றரை வரை அவர் உட்கார்ந்திருந்தார். "அவரை ஏன் ஒதுக்கினிய?" என்று ஆண்கள் என்னிடம் சண்டைக்கு வந்தார்கள். பெண்களில் மூன்று நான்கு பேர் மட்டும், தனித்தனியாக, கையெழுத்துப் போடும்போது குரலைத் தாழ்த்திச் சொன்னார்கள், இப்போதுதான் நிம்மதி என்று. முன்பே சொல்லியிருக்கலாமே என்று ஒருவரிடம் கேட்டேன். "எல்லாரும் சிரிக்கையில நான் மட்டும் எப்படி சார் மூஞ்சியத் தூக்க?" என்றார்.

எழுத்தர் மேல் ஒழுங்கு நடவடிக்கை எடுக்க வேண்டுமா என்ற கேள்வி வந்தது. அவரிடம் எழுத்தில் விளக்கம் கேட்டேன். அரைப் பக்கம் எழுதியிருந்தார். நகை விவரத்தைப் பாட்டாகச் சொன்னது தன் தவறு, எடையைச் சத்தமாகச் சொல்லும் வழக்கம் அலுவலகத்தினுடையது. இரண்டும் உண்மை. வாய்மொழி எச்சரிக்கையோடு நிறுத்திக்கொண்டேன். எழுத்தில் தண்டனை கொடுத்தால், அந்த வழக்கத்தை இத்தனை நாள் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு யார் கொடுப்பது?

வீடியோவை இறக்குவதில் பாதிதான் முடிந்தது. முதல் வீடியோவை எடுத்த மாணவன் கேட்டவுடன் நீக்கிவிட்டான். அதில் இருந்தது அவனுடைய ஆச்சிதான், தவறும் இல்லை. "இருபத்திரெண்டு சிவப்பு" போட்டவர்களில் நாலைந்து பேரைத் தேடிப் பிடித்துச் சொன்னோம். எடுத்துவிட்டார்கள். பாட்டுச் சேர்த்துப் போட்ட ஒரு பக்கம் மட்டும் எத்தனை முறை புகார் செய்தும் எடுக்கவில்லை.

அந்த அம்மாள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எழுத்தர் சொன்னார். நான் தடுத்தேன். அவர் முகம் அந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரியும். போனால் அதற்கும் ஒரு கூட்டம் கூடும்.

விடுப்பு முடிந்து வந்த வாரம் ஹாலை மாற்றினோம். மதிப்பீட்டாளர் மேஜையைச் சுற்றி பிளைவுட் தடுப்பு. எடையை வாயால் சொல்வதில்லை. சீட்டில் எழுதி மடித்துப் பணியாளர் கையில் எடுத்துப் போவார். சிவப்பு, பச்சை இரண்டையும் மூட்டை கட்டிவிட்டு ஒரே வெள்ளை நிற வில்லை, வைக்க வந்தவரா திருப்ப வந்தவரா என்று பார்த்தால் தெரியக் கூடாது. விண்ணப்பம் காட்டாமல் டோக்கன் இல்லை. ஜன்னலின் கீழ்ப் பாதிக்கு மங்கல் ஸ்டிக்கர்.

கூப்பிடுவதற்கு அவரைவிட்டால் ஆள் இல்லை. ஒரு சனிக்கிழமை மதியம் இருவரும் உட்கார்ந்து பேசினோம். எதையெல்லாம் பாடலாம்? மழை, கரண்ட், நேரத்துக்கு வராத பஸ், அவருடைய முழங்கால் வலி. என்னையும் கேலி செய்யலாம் என்று நானே சேர்த்துக்கொண்டேன். பெஞ்சில் இருக்கிறவர்களைப் பற்றி ஒரு சொல்லும் கூடாது. சீட்டு அவர் கைக்கு வராதபடி பேரேட்டை வேறொருவரிடம் மாற்றினோம்; தெரியாததைப் பாட முடியாது அல்லவா. டைரியிலிருந்து பக்கங்களை அவரே கிழித்துப் போட்டார். அட்டையை மட்டும் வைத்துக்கொண்டார்.

## பிறகு

"ஆமா" திரும்பி வந்தது, பழைய சத்தத்தில் இல்லை. செல்போன் தூக்குகிறவர்கள் ஒரு மாதத்தில் நின்றுபோனார்கள். மழையையும் முழங்கால் வலியையும் எடுத்துப் போட்டு யாருக்கு என்ன? எழுத்தருக்கு அது உறுத்தியது என்று எனக்குத் தெரியும். செல்போன் கடை பிளக்ஸ் வெயிலில் வெளுத்துக் கிழியும் வரை, அந்த வழியாகப் போகும்போதெல்லாம் அவர் கண் அதன்மேல் போகும். இன்னமும் சேரன்மகாதேவி பஸ் ஸ்டாண்டில் யாராவது "பதினேழு!" என்று கூப்பிட்டால் கையைத் தூக்கிக் காட்டுகிறார்.

மருமகள் மூன்று வாரம் கழித்து, தீபாவளிக்கு முன்பாகத் திரும்பி வந்துவிட்டாள். சம்பந்தி மும்பைக்குப் போய்விட்டார். பேச்சுவார்த்தை மட்டும் இல்லை என்று கேள்விப்பட்டேன். மாசியில் அறுப்பு முடிந்து ஆரத்தைத் திருப்ப மகன் வந்தான். வில்லை நம்பர் ஆறு. எழுத்தர் "ஆறு" என்று மட்டும் கூப்பிட்டார். ஹால் "ஆமா"வுக்குக் காத்திருந்து ஏமாந்தது. அவன் கையெழுத்துப் போட்டு, ஆரத்தை எண்ணெய்த் தாளில் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு போனான். அந்த அம்மாள் அதற்குப் பிறகு வளாகத்துக்குள் வரவே இல்லை. சீனி வாங்கவும் மகன்தான் வருகிறான்.

## மறுபடி இப்படி வந்தால்

முதல் வீடியோ வந்த அன்றே எழுத்தரை உட்காரவைத்துப் பேசுவேன். தடை போட அல்ல. அவர் எதை வைத்துப் பாடுகிறார் என்று கேட்க. ஒரு ஆள் பிரபலமானால் அவரிடம் இருந்ததைவிட அதிகமாக எல்லாரும் கேட்பார்கள், அவர் எங்கிருந்தாவது எடுத்துக் கொடுத்தாக வேண்டும் என்பதை நான் டைரியைப் பார்த்த பிறகும் புரிந்துகொள்ளவில்லை. வெளி அழைப்புகளுக்கு நிபந்தனை போடுவதில் நான் செலவழித்த நேரத்தில் பத்தில் ஒரு பங்கை ஹாலில் செலவழித்திருந்தால் போதும். கூட்டமே சிரிக்கிற இடத்தில் சிரிக்காதவர்களைத் தனியாகக் கேட்பேன், கையெழுத்து வாங்கும்போது ஒரு வார்த்தை. அவரை மாற்றுவதை அறைக்குள் வைத்துச் சொல்வேன்.

இப்போது வேறு சங்கத்தில் இருக்கிறேன். இங்கே எழுத்தர் மெதுவாகப் பேசுகிறவர், பாட்டு எதுவும் கிடையாது. ஆனால் மதிப்பீட்டாளர் மூலையிலிருந்து "அஞ்சே கால் பவுன்" என்று கத்துகிறார், இந்தப் பக்கத்திலிருந்து "அஞ்சே கால்" என்று பதில் போகிறது. சேர்ந்த முதல் வாரமே கேட்டேன், எப்போதும் இப்படித்தான் என்றார்கள். பிளைவுட் தடுப்புக்கு மூன்று பேரிடம் விலைப்புள்ளி வாங்கி வைத்திருக்கிறேன். தச்சர் திங்கட்கிழமை அளவெடுக்க வருகிறார்.